பதினேழில் சொன்ன பாஸ்

ஜூலையில் குளச்சலுக்குப் போனால் படகுகளை எண்ணலாம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். விசைப்படகு ஒன்றும் கடலில் இறங்கக் கூடாது. அந்த 61 நாளில் வலை பழுதுபார்ப்பார்கள், என்ஜினைக் கழற்றி மாட்டுவார்கள், கல்யாணப் பேச்சு பேசுவார்கள். மழை வலுத்தால் திண்ணையில் சீட்டு போடுவார்கள். 2025 ஜூலையில் நண்பனின் வீட்டுக்கு நான் போனது அந்தச் சீட்டுக்காக. அவன் அப்பா விசைப்படகு ஓட்டுகிறவர். போனில் நண்பனிடம், "போக்கர் ஆடுகிறவன் என்கிறாயே, அவனை இங்கே அனுப்பு, இருபத்தெட்டு சொல்லிக் கொடுக்கிறேன்" என்றிருக்கிறார்.

பெங்களூரில் நான்கு வருஷமாகப் போக்கர் ஆடியிருக்கிறேன். சனிக்கிழமை இரவுகளில் நண்பர்களோடு சில்லறைக் காசுக்கு. நடுவில் ஒன்றரை வருஷம் கைபேசியில், சில்லறையாக இல்லாத காசுக்கு. எங்கள் கூட்டத்தில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. பந்தயத்துக்கு வரம்பு வைத்து ஆடுவது கடினமா, வரம்பில்லாமல் ஆடுவது கடினமா? அந்தச் சண்டையும் என்னோடுதான் ரயில் ஏறியது.

நாகர்கோவிலில் இறங்கித் தக்கலை பஸ் பிடித்தேன். பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி. வலப்பக்கம் வேளிமலையை மேகம் பாதிவரை மூடியிருந்தது. தக்கலைக்குச் சற்று முன்னால் புலியூர்க்குறிச்சியில் இறங்கிக்கொண்டேன். உதயகிரிக் கோட்டையைப் பார்க்காமல் குளச்சலுக்குப் போனால் கதையின் பின்பாதியை மட்டும் கேட்டதாகிவிடும் என்று நண்பன் சொல்லி அனுப்பியிருந்தான்.

கோட்டைக்குள் மரங்கள் மழையில் நனைந்து நின்றன. இடிந்த தேவாலயச் சுவர்களுக்கு நடுவில் டி லனாய் கல்லறை. 1741-இல் டச்சுக் கம்பெனிக்காகக் குளச்சலில் இறங்கி, மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுச் சிறைப்பட்டு, பிறகு அதே மன்னரின் படைக்குத் தளபதியாகி, 1777-இல் இறந்த மனிதர். கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். நான் தமிழ் எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். பாசி பிடித்த பள்ளங்களில் தண்ணீர் நின்றிருந்தது. எதிரியிடம் மாட்டியவன் அங்கேயே முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்து செத்த இடம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு மறுபடி பஸ் ஏறினேன். தக்கலை, இரணியல், திங்கள்நகர், குளச்சல். கடற்கரையோரம் நிற்கும் வெற்றித்தூணைக் குடை பிடித்தபடியே பார்த்தேன்.

டச்சுக்காரர்களைச் சொல்லக் காரணம் உண்டு. அன்று மாலை திண்ணையில் மாமா (நண்பனின் அப்பாவை அப்படித்தான் அழைப்பேன்) சீட்டைக் கலைத்தபடி இனங்களைச் சொன்னார்: இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர். கிளாவரை டச்சுக்காரர்களும் கிளாவர் என்றே சொல்கிறார்கள். நாம் ஆட்டின் என்பது அவர்களுக்கு ஹார்ட்டன். துருப்புக்கு அவர்கள் சொல் 'ட்ரூஃப்'. இஸ்பேட் மட்டும் வேறு கப்பலில் வந்தது. போர்த்துகீசிய மொழியில் 'எஸ்பாடா' என்றால் வாள். ஐரோப்பாவில் யாஸ் என்றொரு சீட்டுக் குடும்பம் இருக்கிறது. அதில் துருப்பு இனத்தில் ஜாக்கிதான் ராஜாவுக்கும் ஆஸுக்கும் மேலே, அதற்கடுத்து ஒன்பது. நெதர்லாந்தில் இன்றும் ஆடுகிறார்கள். இருபத்தெட்டிலும் ஜாக்கிதான் பெரியவன், அடுத்தது ஒன்பது. டச்சுக்காரர்கள் நூற்றாண்டுக்கு மேல் ஆண்ட யாழ்ப்பாணத்தில் இதன் உறவுக்கார ஆட்டம் முன்னூற்று நாலு. அங்கே ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304.

இருபத்தெட்டில் கணக்கு இன்னும் சுருக்கம். ஏழிலிருந்து ஆஸ் வரை 32 சீட்டு. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒன்றொன்று, மற்றதெல்லாம் பூஜ்யம். ஓர் இனத்துக்கு ஏழு, நான்குக்கும் இருபத்தெட்டு. நான்கு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஜோடி. ஆளுக்கு நாலு சீட்டு போட்டதும் விளி தொடங்கும். 'எங்கள் ஜோடி இத்தனை புள்ளி எடுக்கும்' என்று வாயால் சொல்வதுதான் விளி; குறைந்தது பதினாலு. அதிகம் விளித்தவர் தன் கையில் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அதன் இனம்தான் துருப்பு, அது அவருக்கு மட்டும் தெரியும். பிறகுதான் மீதி நாலு சீட்டு வரும். வாக்கைக் கொடுப்பது பாதிக் கையைப் பார்த்து, காப்பாற்றுவது முழுக் கையால். இந்த இடத்தை மாமா விரலால் தட்டித் தட்டிச் சொன்னார். அன்று இரவு முழுக்க அது என் மனதில் இருந்தது.

ஆட்டத்தில் மாமாவுக்கு ஜோடி, அடுத்த வீட்டுப் பாட்டா. எழுபதைத் தாண்டியவர், கட்டுமரக் காலத்து ஆள். எனக்கு ஜோடி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். ஊரே அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறது. மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வந்தன. சாப்பிடும் நேரத்தில் சார் கேட்டார்: "உங்க போக்கர்ல பந்தயம் எப்படி?"

அவர் கணக்கு வாத்தியார் என்பதால் கணக்காகவே சொன்னேன். போக்கரில் சீட்டு ஒன்றுதான், பந்தய முறை மூன்று. 'லிமிட்' என்றால் பந்தயத்தின் அளவு முன்னாலேயே எழுதி வைத்தது. முதல் இரண்டு சுற்றில் ஐம்பது என்றால் ஐம்பதுதான், கடைசி இரண்டு சுற்றில் நூறு. உயர்த்துவதும் அதே அளவில், ஒரு சுற்றில் மூன்று நான்கு தடவைதான். 'பாட் லிமிட்' என்றால் நடுவில் குவிந்திருக்கும் தொகை அளவுக்குப் போடலாம். 'நோ லிமிட்' என்றால் எதிரே இருப்பது அத்தனையையும் ஒரே தள்ளாகத் தள்ளலாம்.

"அப்போ முதல் முறை சுலபம், கடைசி முறை கஷ்டம். அவ்வளவுதானே?"

எங்கள் சனிக்கிழமைக் கூட்டமும் அப்படித்தான் நினைத்தது. நான் ஒரு கையைச் சொன்னேன். டெக்சாஸ் ஹோல்டெமில் கையில் இரண்டு, மேசையில் நாலு சீட்டு திறந்தாகிவிட்டது. எனக்கு ஒரே இனத்தில் நாலு சேர்ந்திருக்கிறது. ஐந்தாவது வந்தால் ஜெயம், வராவிட்டால் ஒன்றுமில்லை. நான் காணாத சீட்டு 46, அதில் எனக்கு உதவுவது 9. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நடுவில் 600 ரூபாய். லிமிட் ஆட்டத்தில் எதிராளி 100 போடுகிறான். நடுவில் 700, நான் 100 போட்டால் 800. எட்டில் ஒரு தடவை ஜெயித்தாலே கட்டுப்படியாகும், எனக்கோ கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று இருக்கிறது. யோசிக்காமல் போடலாம். நோ லிமிட்டில் அதே எதிராளி 600 தள்ளுகிறான். நான் 600 போட்டால் மொத்தம் 1,800. மூன்றில் ஒன்று வேண்டும், என்னிடம் இல்லை. சீட்டை மடக்க வேண்டியதுதான். சீட்டு மாறவில்லை, ஆளும் மாறவில்லை. விலை மாறியதில் சரியான முடிவு தலைகீழாகிவிட்டது.

சார் கிழங்கைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப லிமிட்டுல எதிராளியால நம்மள விரட்ட முடியாது. எல்லாரும் கடைசிவரை நிப்பான். அதுல ஜெயிக்கணும்னா நூலிழை நூலிழையாத்தான் ஜெயிக்கணும்."

நான் நான்கு வருஷத்தில் சொல்லத் தெரியாமல் தவித்ததை அவர் ஒரு வாய்க் கிழங்குக்கு நடுவில் சொல்லிவிட்டார். லிமிட்டின் கடினம் அதுதான். ஒரு கையில் பெரிதாக எதையும் சாதிக்க முடியாது. தேவையில்லாத ஒரு நூறைப் போடாமல் இருப்பது, எதிராளியிடமிருந்து இன்னொரு நூறை வாங்கிவிடுவது. இதை ஆயிரக்கணக்கான கைகளுக்கு அலுக்காமல் செய்ய வேண்டும். பொறுமைக்கு வைத்த பரீட்சை. நோ லிமிட்டில் ஒரு முடிவு போதும், மாதம் முழுக்கச் சேர்த்தது ஒரு நிமிஷத்தில் போய்விடும்.

எந்திரங்கள் எந்த முறையை முதலில் வென்றன என்பதும் இதற்கு ஓர் அளவுகோல். இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமில் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் எழுதிய பொலாரிஸ் நிரல் 2008-இல் லாஸ் வேகாஸில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. 2015 ஜனவரியில் அதே பல்கலைக்கழகத்தின் செஃபியஸ், அந்த ஆட்டத்துக்கே ஏறக்குறைய முழு விடை கண்டுவிட்டது. அதற்கு எதிராக ஆயுள் முழுக்க ஆடினாலும் மனிதன் உறுதியாக மிஞ்ச முடியாது. நோ லிமிட் அதுவரை நின்றது. 2017 ஜனவரியில்தான் பிட்ஸ்பர்க்கில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் 20 நாளில் 1,20,000 கைகள் ஆடி நான்கு நிபுணர்களைத் தோற்கடித்தது. ஒன்பது வருஷ இடைவெளி. இருவர் லிமிட்டில் ஆட்டம் போகக்கூடிய நிலைகளை எழுதினால் 18 இலக்க எண். ஆய்வாளர்கள் போட்டி வைத்த நோ லிமிட் வகையில், ஒன்றுக்குப் பின்னால் 160 பூஜ்யம் போட்டாலும் போதாது. லிமிட்டில் பேச மூன்றே சொல்: போடுகிறேன், உயர்த்துகிறேன், மடக்குகிறேன். நோ லிமிட்டில் 40 ரூபாயும் ஒரு சொல், 41 ரூபாயும் ஒரு சொல், 4,000 ரூபாயும் ஒரு சொல். அத்தனைக்கும் பொருள் தெரிந்திருக்க வேண்டும்.

நடுவில் இருக்கும் பாட் லிமிட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்; பலர் அதை மிதமான முறை என்று நம்பி உட்காருகிறார்கள். நடுவில் 100 ரூபாய் இருக்கிறது. ஒருவர் 100 போட, மற்றவர் ஈடுகொடுத்தால் 300. அடுத்த சுற்றில் 900. அதற்கடுத்தது 2,700. மூன்று சுற்றில் ஆளுக்கு 1,300 உள்ளே போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் 'இருப்பதற்குள்தானே போட்டேன்' என்றே தோன்றும். நான் கண்டவரையில் மனிதரை ஏமாற்றுவதில் இதற்கு இணையாக வேறு முறை இல்லை.

"எங்க மூணு சீட்டு மாதிரி," என்றார் மாமா. சரிதான். அதில் சீட்டைப் பார்த்தவன், பார்க்காதவன் போடுவதைப்போல் இரண்டு மடங்கு போட வேண்டும். பார்க்காமலே தைரியமாகப் போடுகிறவன் பார்த்தவனைக் காயவிடுவான். துறைமுகத்தில் ஒரு பங்குக் காசு முழுவதும் இப்படிப் போனதை மாமா இளவயதில் கண்ணால் கண்டிருக்கிறார். அன்றிலிருந்து அவர் திண்ணையில் காசு வைத்து ஆட்டம் கிடையாது.

இலையை எடுத்துவிட்டு உட்கார்ந்தோம். இரண்டாவது ஆட்டத்தில் மாமா சீட்டு போட்டார். எனக்கு வந்த நாலு: ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் ஒன்பது, ஆட்டின் ஏழு, கிளாவர் ஆஸ். ஒரே இனத்தில் மூன்று, அதில் தலைச்சீட்டு இரண்டும். நெஞ்சு துள்ளியது. சார் முதல் ஆள், கட்டாயம் பேச வேண்டும், பதினாலு என்றார். பாட்டா பதினைந்து. நான் பதினாறு. மாமா பதினேழு.

சார் சீட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாஸ்."

பாட்டாவும் பாஸ். நான் பதினெட்டு என்றேன். மாமா நிதானமாக, "பத்தொம்பது." நான் இருபது. மாமா சிரித்துக்கொண்டு சீட்டை மூடினார். ஆட்டின் ஏழைக் கவிழ்த்து வைத்தேன். மீதி நாலு சீட்டு வந்தது: இஸ்பேட் ராஜா, இஸ்பேட் ராணி, டைமன் எட்டு, கிளாவர் எட்டு. நாலும் பூஜ்யம். இருபது எடுக்க வேண்டும். எதிர் ஜோடிக்கு ஒன்பது போய்விட்டால் நாங்கள் தோற்றோம். மாமாவிடம் இரண்டு ஜாக்கி இருந்தன. மூன்றாவதைப் பாட்டா வைத்திருந்தார். சார் கையில் ஒரு பத்தைத் தவிரச் சொல்லும்படி ஒன்றுமில்லை. எண்ணிப் பார்த்தபோது எங்கள் பக்கம் பதினொன்றுதான் தேறியிருந்தது.

சார் கோபப்படவில்லை. "பதினேழுலயே சொல்லிட்டேனே மக்கா, கேக்கலியா?"

கேட்கவில்லை. பாஸ் என்றால் எனக்குப் பழக்கத்தில் ஒருவர் ஆட்டத்திலிருந்து போய்விட்டார் என்று அர்த்தம். மேசையில் எதிராளி ஒருவர் குறைந்தார், நல்லது என்று நினைக்கும் பழக்கம். இங்கே பாஸ் சொன்னவர் என் ஜோடி. 'என் கையில் ஒன்றுமில்லை, உன்னைத் தாங்க என்னால் முடியாது' என்று அவர் நேராக என்னிடமே சொல்லியிருக்கிறார். மாமாவின் பத்தொன்பதும் 'ஜாக்கிகள் என்னிடம்' என்று சொன்னதுதான். ஒவ்வொன்றாக ஏறுகிறோமே, ஒன்றில் என்ன வந்துவிடும் என்று நான் என் சீட்டை மட்டும் பார்த்தபடி ஏறினேன். இருபத்தெட்டுக்கு மேல் போகவே முடியாத விளி. உலகத்திலேயே இறுக்கமான வரம்புகளில் ஒன்று. அதற்குள்ளேயே இவ்வளவு பேச்சு இருக்கிறது. போக்கரில் யார் என்ன சொன்னாலும் அது பொய்யாக இருக்கலாம் என்று தொடங்குவோம். இங்கே எதிரே இருப்பவர் சொல்வது உண்மை, அதைக் கேட்கத் தெரியவில்லை என்றால் குற்றம் நம்முடையது. எனக்கு இதுவே கடினமாக இருக்கிறது.

தோற்றவர்களுக்குக் குணுக்கு. அந்தக் காலத்துப் பெண்கள் பாம்படம் போடக் காது வளர்ப்பதற்குத் தொங்கவிட்ட பாரத்தின் பெயர் அது. சீட்டில் பிலாவிலைதான் குணுக்கு. கஞ்சி கோரிக் குடிக்க மடிப்பதுபோல மடித்து, ஈர்க்கு குத்தி, காதில் மாட்டிவிட்டார் பாட்டா. மழையில் நனைந்த இலை கன்னத்தில் சில்லென்று பட்டது. சார் மறு பேச்சில்லாமல் தன் காதையும் காட்டினார். பேரன் பேத்தி எடுத்தவர், ஊருக்கே கணக்கு சொல்லிக்கொடுத்தவர், என் பிழைக்காக இலையை மாட்டிக்கொண்டு அடுத்த சீட்டை எடுத்தார்.

நான் கைபேசியில் ஆடிய காலத்தை அவரிடம் அப்போதுதான் சொன்னேன். நோ லிமிட், இரவு இரண்டு மணி, பக்கத்தில் யாரும் இல்லை. ஒரே இரவில் ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால்வாசி போயிற்று. ஆடியது திறமையாகவே ஆடினேன் என்று இன்றும் நினைக்கிறேன். கடைசி ஒரு கையைத் தவிர. தமிழ்நாட்டில் 2022-இல் இணைய ஆட்டங்களைப் பற்றி நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைந்ததும், சட்டம் வந்ததும், 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொன்னதும் நானும் படித்தவைதான். அந்த விவாதமெல்லாம் திறமையா அதிர்ஷ்டமா என்பதைச் சுற்றியே நடந்தது. திறமை இருந்தும் நான் தோற்றேன். என்னைத் தோற்கடித்தது தள்ளுவதற்கு எல்லை இல்லாமல் இருந்ததுதான். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் கட்டி ஆடக் கூடாது என்று தமிழ்நாடு கொண்டுவந்த விதியை 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் சரியென்றபோது, அந்த ஐந்து மணி நேரத்தின் அருமை எனக்குத் தெரிந்திருந்தது. குளச்சலிலிருந்து திரும்பிய அடுத்த மாதமே, ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

சார் எல்லாவற்றையும் கேட்டார். "வீட்டுல தெரியுமா?"

"அம்மாவுக்குச் சொல்லிட்டேன் சார்."

"அது போதும்," என்று சொல்லிச் சீட்டை என் பக்கம் நகர்த்தினார். இந்தத் தடவை போடுவது நான். என் வலப்பக்கம் மாமா. அவர் பதினாலு என்றார். சார் பதினைந்து. பாட்டா பதினாறு. என் கையில் கிளாவர் ஜாக்கி ஒன்று, மற்ற மூன்றும் வெவ்வேறு இனத்துச் சில்லறை. பதினேழு சொல்ல நாக்கு துடித்தது. பாஸ் என்றேன். மாமாவும் பாஸ். சார் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பதினேழு என்றார். பாட்டா கொஞ்சம் யோசித்து விட்டுக்கொடுத்தார்.

சார் ஒரு சீட்டைக் கவிழ்த்தார். என் ஜாக்கி எந்த இனம் என்று அவருக்குத் தெரியாது, அவர் கவிழ்த்தது எது என்று எனக்கும் தெரியாது. நாலாவது சுற்றில் பாட்டா துருப்பைத் திறக்கச் சொன்னார். திறந்தால் கிளாவர் எட்டு. பாட்டா கிளாவர் பத்தைப் போட்டு வெட்டினார். என் ஜாக்கி அதற்கு மேல் விழுந்தது. சார் ஒன்றும் பேசவில்லை. முழங்காலில் லேசாக ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

பதினெட்டு எடுத்தோம். எங்கள் காதிலிருந்த இலைகளைப் பாட்டாவே கழற்றி, ஒன்றைத் தான் மாட்டிக்கொண்டு மற்றதை மாமாவிடம் நீட்டினார். மழை விட்டிருந்தது. துறைமுகத்துப் பக்கம் கட்டிக்கிடந்த படகுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. தடைக்காலம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே மாமா சீட்டைக் கலைக்கத் தொடங்கினார்.